45 பவுண்டு வில்லுக்கு அம்புத்தண்டு தேடிய அனுபவம்

முதல் தடவை 24 தண்டுகளைத் திண்ணையில் பரப்பி வைத்து, ஒரு கண்ணை மூடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நேராக இருந்த 12-ஐ எடுத்துக்கொண்டேன். லேசாகக் கோணியிருந்த மற்ற 12-ஐயும் அம்மாவின் அவரைக் கொடிக்கு ஊன்றக் கொடுத்துவிட்டேன். அந்த நேரான 12-இல் ஒன்றுதான் இரண்டாவது மாதம், நாணை விட்ட நொடியில் முறிந்து என் இடது கையில் ஏறியது. பிறகு அவரைப் பந்தலில் நின்ற தண்டுகளைப் பிடுங்கிப் பார்த்தேன். நாரோட்டம், அதாவது மரத்தின் நார் ஓடுகிற போக்கு, சுத்தமாக இருந்த தண்டுகள் ஐந்தாறு அங்கேதான் நின்றுகொண்டிருந்தன.

மர அம்பு செய்து எய்ய ஆசைப்படுகிற இன்னொருவருக்கு இது நேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வில் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பல வருடம் வேலை பார்த்தார். அங்கே உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அத்தானும் போயிருக்கிறார். ஊருக்குத் திரும்பும்போது தன் லாங்போவை, அதாவது நீள வில்லை, கொண்டுவந்து, "மாப்ள, இது இனிமே ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார். பிடியில் இரண்டாகப் பிரியும். மாட்டினால் 68 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு விசை.

இங்கே வேட்டை கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. மூடியது நல்லது என்றே நினைக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே தெரிகிற மலை முழுக்கக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தோப்பில் பன்றி புகுந்து வாழைக் கிழங்கைக் கிளறினாலும் வனத்துறைக்குத்தான் சொல்கிறோம். நான் எய்வது வைக்கோலில். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, சுருட்டி, சணல் கயிற்றால் இறுக்கித் தைத்த வட்டம். அதற்குப் பின்னால் ஆளுயர மண்மேடு. கன்னடியன் கால்வாய் ஓரத்தில் இருக்கிற எங்கள் வயலில் அறுவடை முடிந்த பிறகு எய்யத் தொடங்குவேன். மயில் வந்துவிட்டால் அது போகிற வரைக்கும் வில்லைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆனால் வில் வேட்டைக்கென்று செய்தது. அதற்கு ஏற்ற கனமான அம்பைத்தான் அது கேட்கும். லேசான அம்பைப் போட்டால் வில்லின் விசை முழுவதையும் அம்பால் வாங்கிக்கொள்ள முடியாது. மீதி வில்லின் உடம்பிலேயே அதிர்ந்து அடங்கும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவதற்குப் பக்கத்தில் போய்விடும் அது. இலக்கு வைக்கோல்தானே என்று தண்டில் சமாதானம் செய்துகொள்ள முடியாது.

வில்லோடு வந்தவை ஆறு அம்புகள். தண்டு போர்ட் ஆர்ஃபோர்டு சிடார். ஓரிகனின் தென்மேற்குக் கடலோரத்திலும் அதை ஒட்டிய வட கலிஃபோர்னியாவிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிற மரம். பெயரில்தான் சிடார், உண்மையில் சைப்ரஸ் வகை. நார் ஓடுகிற நேர்த்தி, எடைக்குத் தகுந்த விறைப்பு, வளைந்து மறுபடி நிமிர்கிற குணம் எல்லாம் அமைந்ததால் அமெரிக்க வில்லாளிகள் அம்புக்கு முதலில் தேடுகிற மரம் அது. முதல் அம்பு மண்மேட்டில் ஒரு கல்லில் பட்டு முறிந்தபோது முறிந்த இடத்தில் சுக்குத் தட்டியதுபோல ஒரு வாசனை வந்தது. ஆறும் ஒரே கோடையில் தீர்ந்துவிட்டன. அங்கிருந்து தண்டு வரவழைக்கலாம்தான். கூரியர் செலவும் வரியும் சேர்ந்தால் ஒரு தண்டின் விலை ஒரு மூட்டை உரத்தின் பக்கத்தில் வந்து நின்றது. நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

தண்டு என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது அம்பாசமுத்திரம். சொப்புச் சாமான் கடைகிற ஊர். மஞ்சள் கடம்பு மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய சொப்புகளை வைத்து விளையாடி வளர்ந்த வீடு எங்களுடையது. கடைசல் பட்டறையில் ஓர் அண்ணாச்சி, எழுபதைத் தாண்டியவர். 80 செ.மீ. நீளம், 9 மி.மீ. கனம் என்றதும் தலையை ஆட்டிவிட்டார். "தம்பி, இவ்வளவு மெலிசு கடைசல்ல நிக்காது. உளிய வச்சா நடுவுல பாம்பு மாதிரி துள்ளும்." அது உண்மை. இரண்டு முனையை மட்டும் பிடித்துச் சுழற்றினால் நடுப்பகுதி வளைந்து உளியை விட்டு ஓடும்.

அவரே வழியும் சொன்னார். ஒரு கட்டையில் ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் குறுகலாகவும் துளை போட்டு, துளையின் விளிம்பைத் தொடுகிற மாதிரி இழைப்புளி அலகைச் சாய்த்துப் பொருத்த வேண்டும். 10 மி.மீ. சதுரக் குச்சியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு அதற்குள் மெல்லத் தள்ள வேண்டும். 10 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 14 மி.மீ.க்குச் சற்று மேல். அதனால் நுழைகிற துளை பதினாலரை, வெளியேறுகிற துளை 9. மறுபக்கம் உருண்டையாக வரும். உப்புத்தாளால் தேய்த்து 8.7 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் சரியாகக் கடையில் விற்கும் 11/32 அங்குலத் தண்டின் கனம். இந்தச் சின்னப் பொறி இருந்தால் வேறு இயந்திரம் வேண்டாம்.

பொறி சரி, மரத்தில்தான் தப்பினேன். மரக்கடையில் தேக்குத் துண்டுகள் வாங்கினேன். நிறம், வழவழப்பு, தேக்கு என்கிற பெயர், எல்லாம் சேர்ந்து என்னை மயக்கிவிட்டன. ரம்பம் அறுத்த பலகையிலிருந்து குச்சிகளைச் சீவி, உருட்டி, நேராக இருந்ததை எடுத்து இறகு ஒட்டினேன். கண்ணாடி மேல் உருட்டினால் ஒரு துடிப்பு இல்லாமல் ஓடின. அவ்வளவு நேர்.

முறிந்த அன்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிம்பு உள்ளே இறங்கியிருந்தது. ஐந்து தையல். நரம்பில் படாதது கடவுள் செயல் என்றார் டாக்டர். கட்டு அவிழ்த்ததும் முறிந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். முறிவு குறுக்கே இல்லை. சாய்த்துச் சீவியதுபோல நீளச் சரிவாக இருந்தது. பேசாமல் உள்ளே போய், ஒரு சாண் தேக்குக் கட்டையைக் கொண்டுவந்து, நடுவில் வெட்டுக்கத்தியை வைத்து ஒரு தட்டு தட்டினார். கட்டை பிளந்தது. பிளவு நடுவில் தொடங்கி, அடியில் வரும்போது ஓரத்துக்குப் போயிருந்தது. "வாளு நீங்க இழுத்த வழிக்குப் போவும் தம்பி. பொளந்தா மரம் அது வழிக்குத்தான் போவும். ஒங்க குச்சி வெளிய பாக்க நேரு. உள்ள நாரு சாஞ்சு கெடக்கு."

தண்டு விஷயத்தில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்த ஒரு தட்டில் இருக்கிறது. நார் தண்டின் நீளத்தோடு ஓடாமல் சரிந்து பக்கவாட்டில் வெளியேறினால், தண்டு முழுசாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அது குட்டைக் குட்டை நார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய ஒன்றுதான். 45 பவுண்டு விசை பின்னாலிருந்து தள்ளும்போது அந்த ஒட்டு விடுகிறது. கோணலை நெருப்பில் காட்டி நிமிர்த்தலாம். எடையைத் தேய்த்துக் குறைக்கலாம். நாரோட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. மரம் நின்றபோதே முடிந்துபோன விஷயம் அது. அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது நார், கடைசியாகப் பார்ப்பதுதான் நேர்.

எப்படிப் பார்ப்பது? தண்டை வெயிலில் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். ஒரு பக்கம் ரேகைகள் தண்டவாளம்போல இணையாக ஓடும். கால் சுற்றுத் திருப்பினால், ரேகைகள் வி வடிவத்தில் கூராக முடிகிற பக்கம் வரும். அந்தக் கூர்கள் எத்தனை நெருக்கமோ அத்தனை சரிவு. ஒரு ரேகை தண்டின் ஓர் ஓரத்தில் கிளம்பி மறு ஓரத்தில் வெளியேற 30 செ.மீ.யாவது ஆக வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. ரேகை தெளிவாகத் தெரியாத மரம் என்றால் ஊற்றுப்பேனா மையை ஒரு சொட்டு வையுங்கள். மை நார் வழியே நீளமாக ஓடிக் காட்டிக்கொடுக்கும். கணு இருந்தால், ஊசிமுனை அளவு என்றாலும், கழித்துவிடுவேன். கணுவைச் சுற்றி நார் வளைந்துதான் போகும்.

இதில் முடிந்தால் ரம்பத்தையே ஒதுக்கிவிட்டு, கட்டையைப் பிளந்து குச்சி எடுப்பது உத்தமம். சேதாரம் அதிகம். ஆனால் பிளந்த குச்சியில் நார் தானாகவே நீளவாக்கில் இருக்கும்.

அடுத்து எந்த மரம் என்ற கேள்வி. தேக்கை நான் வெறுக்கவில்லை, நார் நேராக வந்த தேக்குத் தண்டு இரண்டு இன்னும் என்னிடம் உழைக்கின்றன. ஆனால் பத்துத் துண்டில் ஒன்று அப்படி வந்தால் பெரிது. தண்டும் முறுகலாக, வளையாமல் முறிகிற சுபாவத்தோடு இருக்கிறது. வேம்பும் வேங்கையும் நார் பின்னிக் கிடக்கிற மரங்கள், தொடவே வேண்டாம். சவுக்கில் முயன்றேன், கனம் கூடுதல், காயும்போதே வெடித்தது. மலைவேம்பு லேசு, இழைக்க சுகம், ஆனால் என் வில்லுக்கு வேண்டிய விறைப்பு அந்தக் கனத்தில் வரவில்லை. ஒரு மாதம் இப்படியே போனது.

கடைசியில் கைகொடுத்தது தூத்துக்குடி. துறைமுகத்தில் இயந்திரங்கள் வந்திறங்குகிற பெட்டிகளையும் பேலட்டுகளையும் உடைத்து விற்கிற மரக்கடைகளில் வெளிநாட்டு பைன் பலகை கிடைக்கிறது. குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த பைன் என்றால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். பலகையின் வெட்டுமுகத்தில் ஓர் அங்குலத்துக்கு 15 வளையமாவது எண்ண முடிகிற பலகையை மட்டும் எடுப்பேன். சீக்கிரம் வளர்ந்த பைனில் நாலைந்து வளையம்தான் இருக்கும், அது பஞ்சு. பேலட்டில் முத்திரை இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். எச்.டி. என்றால் சூட்டில் பக்குவப்படுத்தியது. எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு வாயு ஏற்றியது. அதை வீட்டில் வைத்து இழைத்துத் தூள் பறக்கவிட வேண்டாம். 20 பலகை புரட்டினால் இரண்டு தேறும். கடைக்காரர் முதல் நாள் எரிச்சலாகப் பார்த்தார். மூன்றாவது முறை போனபோது அவரே நெருக்கமான வளையம் உள்ளதாகப் பார்த்து நாலு பலகையைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

மூங்கிலைக் கேட்பீர்கள். கல்மூங்கிலைப் பிளந்து, அந்தச் சிம்பை உருட்டிச் செய்த தண்டு, மரத்தைவிட உறுதி என்று என் கையில் பட்ட அனுபவம். ஆனால் ஒவ்வொன்றும் நாலு மணி நேர வேலை, கணு இருக்கிற இடமெல்லாம் நெருப்பில் காட்டி நிமிர்த்த வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். மலையில் ஈத்தை இருக்கிறதே என்று யாராவது சொன்னால், காப்பகத்துக்குள் போய் ஒரு குச்சி ஒடிப்பதும் குற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பைனில் 18 தண்டு செய்தேன். நார் சுத்தம், ஒன்றும் முறியவில்லை. ஆனால் 20 மீட்டரில் அம்புகள் எல்லாம் குறிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, அதுவும் சிதறிச் சிதறி விழுந்தன. என் கை சரியில்லை என்று ஒரு மாதம் கையைத் திருத்தினேன். திருத்த வேண்டியது கையை அல்ல. அங்கேதான் ஸ்பைன் என்கிற விறைப்புக் கணக்கு வருகிறது.

லாங்போவின் பிடி நடுவரை வெட்டியிருக்காது. அம்பு பிடியின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும். வலக்கைக்காரனுக்கு அதன் முனை குறிக்கு இடப்புறம் சற்றுத் திரும்பியிருக்கும். நாணை விட்டதும் அம்பு விசையால் நெளிந்து, பிடியைச் சுற்றி வளைந்து தாண்டி, பிறகு நிமிர்ந்து நேரே போக வேண்டும். தண்டு அதிக விறைப்பாக இருந்தால் நெளியாமல் பிடியில் மோதி இடப்பக்கம் போகும். தொய்வாக இருந்தால் அதிகமாக நெளிந்து வலப்பக்கம் போகும். இடக்கையில் நாண் இழுப்பவர்களுக்கு இது அப்படியே மாறும். என் பைன் தண்டுகள் விறைப்பு. அதோடு ஒன்றுக்கொன்று விறைப்பு வேறு வேறு. சிதறலுக்கு அதுதான் காரணம்.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு, செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. ஒரு பலகையில் 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து அவற்றின் மேல் தண்டைக் கிடத்துங்கள். நடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம் தொங்கவிடுங்கள். நான் ஆற்று மணலைப் பையில் கட்டி மளிகைக் கடையில் நிறுத்துக்கொண்டேன். தண்டு எத்தனை மி.மீ. தொய்கிறது என்று பாருங்கள். 660-ஐ அந்தத் தொய்வால் வகுத்தால் வருவதுதான் ஸ்பைன், அதையும் பவுண்டு என்றே சொல்வார்கள். 13.2 மி.மீ. தொய்ந்தால் 50. 16.5 மி.மீ. தொய்ந்தால் 40. தண்டைக் கிடத்தும்போது முனையில் தெரிகிற வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும், ஏனென்றால் வில்லின் பக்கம் வளையப்போவது அந்தத் திசையில்தான். தண்டைத் திருப்பினால் எண்ணே மாறும். ஒருநாள் முழுக்க அது புரியாமல் ஒரே தண்டுக்கு இரண்டு எண் எழுதி வைத்திருந்தேன்.

என் 18 தண்டுகளில் மிகத் தொய்வானது 48, மிக விறைப்பானது 70. ஒரே பலகையில் எடுத்த குச்சிகளுக்கே பத்துப் பதினைந்து வித்தியாசம். கண்ணால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

எந்த எண் வேண்டும் என்பதற்கு முதலில் வில்லின் உண்மையான விசை தெரிய வேண்டும். வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலத்துக்கு. நான் இழுப்பது 27. பெட்டி எடை பார்க்க அத்தான் வைத்திருந்த கைத்தராசை நாணில் மாட்டி என் அளவுக்கு இழுத்துப் பார்த்தேன்: 19 கிலோ 500 கிராம், அதாவது 43 பவுண்டு. நடுவரை வெட்டாத லாங்போவுக்கு வில்லின் விசைக்குச் சமமாக அல்லது ஐந்து பவுண்டு குறைவாகத் தொடங்குவது வழக்கம். 28 அங்குலத் தண்டு, 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) முனை என்பதை வைத்துச் சொல்கிற கணக்கு அது. தண்டு ஓர் அங்குலம் நீண்டால் ஐந்து பவுண்டு கூடுதல் விறைப்பு வேண்டும், ஏனென்றால் நீளம் கூடினால் நெளிவும் கூடும். முனை கனத்தாலும் அப்படியே. எனக்கு 40 பொருந்தியது.

விறைப்பைக் கூட்ட முடியாது, குறைக்க முடியும். விறைப்பு தண்டின் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. அதனால் கொஞ்சம் தேய்த்தாலே நிறைய இறங்கும். 8.7 மி.மீ. தண்டை 8.5 ஆக்கினால் விறைப்பில் கிட்டத்தட்ட 9 சதவீதம் போய்விடும், 45 இருந்தது 41 ஆகும். இந்தக் கணக்குத் தெரியாமல் நாலு தண்டைத் தேய்த்துத் தேய்த்து 30-க்குக் கொண்டுபோய்க் கெடுத்தேன். பத்து இழுப்பு தேய்த்து, அளந்து, மறுபடி பத்து இழுப்பு. அவசரமே கூடாது.

எண் சரியா என்று வில்லிடமே கேட்க வேண்டும். இறகு ஒட்டாத வெறும் தண்டில் முனையை மட்டும் மாட்டி, இறகு ஒட்டியவற்றோடு சேர்த்து 10 மீட்டரில் எய்வேன். இறகு இருந்தால் அது பறக்கும்போதே தப்பைத் திருத்திவிடும். வெறும் தண்டு திருத்தாது. வெறும் தண்டு மற்றவற்றுக்கு இடப்பக்கம் குத்தினால் இன்னும் விறைப்பு, வலப்பக்கம் என்றால் தொய்வு. இரண்டும் ஒரே இடத்தில் குத்திய அன்று இருட்டுகிற வரைக்கும் எய்துகொண்டிருந்தேன்.

எடைக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. வேட்டை வில்லுக்கு ஒரு பவுண்டு விசைக்கு 9 முதல் 10 கிரெய்ன் வரை அம்பின் மொத்த எடை இருந்தால் நல்லது. 45 பவுண்டுக்கு 405 முதல் 450 கிரெய்ன். நம் கணக்கில் 26 முதல் 29 கிராம். மூன்றரைப் பவுன் நகையின் எடை. அதனால் நகைப் பட்டறைத் தராசுதான் இதற்குச் சரி. பள்ளித்தோழன் ஒருவன் பட்டறையில் மாலை நேரத்தில் நிறுத்துத் தருகிறான். ஒரு கட்டில் இருக்கிற அம்புகளுக்குள் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பிரித்துக்கொள்கிறேன். எடை மாறினால் அம்பு மேலும் கீழுமாக விழும், விறைப்பு மாறினால் இடமும் வலமுமாக விழும். எது சிதறுகிறது என்று பார்த்தாலே எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

நாண் வாய், அதாவது அம்பை நாணில் மாட்டுகிற பிளவு, வெட்டுகிற இடத்தில் ஒரு விஷயம், என் கையில் தழும்பாக இருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். தண்டின் பின்முனையில் தெரிகிற வளையக் கோடுகளுக்குக் குறுக்காக நாண் வாயை வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் இணைகோடுகள் தெரிகிற பக்கம் வில்லை ஒட்டி நிற்கும். வி வடிவக் கூர்கள் மேலும் கீழும் வரும். இப்போது மேலே தெரிகிற கூர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். அவை அம்பின் முனையைப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் நார் முன்னோக்கி மேலே ஏறுகிறது என்று பொருள். தண்டு முறிந்தாலும் பின்துண்டு அந்தச் சரிவில் ஏறி, கையை விட்டு மேலே போகும். கூர்கள் நாணைப் பார்த்தால் பின்துண்டு சரிவில் இறங்கி நேரே வில் பிடித்த கைக்கு வரும். என் தேக்குத் தண்டில் கூர்கள் நாணைப் பார்த்துக்கொண்டிருந்தன. திருப்பிப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

நேராக்குவதற்கு அடுப்பின் நீலச் சுவாலை போதும். கோணிய இடத்தைச் சுவாலைக்கு மேலே, நிறம் மாறாத உயரத்தில், சுழற்றிக்கொண்டே சூடாக்கி, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாக வளைத்து ஆறுகிற வரைக்கும் பிடிக்க வேண்டும். உள்ளங்கை அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்தாலும் நிமிரும். ஒரே தடவையில் நிற்காது. மறுநாள் பார்த்தால் பாதி திரும்பியிருக்கும், மறுபடி செய்ய வேண்டும். மூன்று நாள் கழித்து நேராக நிற்பதுதான் நேர்.

எங்கள் பக்கத்தில் பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கேயும் காற்றில் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். சாரல் நாளில் அளந்தால் அதே தண்டு பங்குனியைவிடக் கூடுதலாகத் தொய்கிறது, கோணலும் திரும்புகிறது. அதனால் சதுரக் குச்சிகளை நேரான இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, மச்சில் இரண்டு மாதமாவது காயவிடுகிறேன். உருட்டுவதும் அளப்பதும் தை முதல் சித்திரை வரைக்கும்தான். அளந்து முடிந்த அன்றே அரக்கு. அண்ணாச்சி சொப்புக்கு ஏற்றுகிற அதே அரக்கை, தண்டைச் சுழலவிட்டு, உராய்கிற சூட்டிலேயே உருக்கித் தாழம்பூ நிறத்தில் ஏற்றித் தந்தார். வெட்டிய முனைகளையும் நாண் வாயையும் மறக்காமல் பூச வேண்டும், ஈரம் முதலில் அங்கேதான் குடிக்கும்.

மரம் எத்தனை சீக்கிரம் போய்விடுகிற பொருள் என்பதை நினைத்தால் எனக்கு ஆதிச்சநல்லூர்தான் ஞாபகம் வரும். தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் வருகிற ஊர். அங்கே தாழிகளோடு கிடைத்த இரும்பு ஆயுதங்களில் அம்புமுனைகளும் உண்டு. முனைதான் இருக்கிறது. அதைத் தாங்கிய தண்டு எந்த மரம், எப்படி நேராக்கினான், எதைப் பூசினான், ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கிலாந்தில் 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கிய மேரி ரோஸ் கப்பலில் சேறு மூடிக் காத்ததால் மர அம்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் பாப்லர் மரம் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. நம் ஊர்க்காரன் தேர்ந்தெடுத்த மரம் எதுவென்று தெரிந்தால் நான் இத்தனை பலகை புரட்டியிருக்க மாட்டேன் என்று தோன்றும்.

இப்போது ஒவ்வொரு நாளும் எய்வதற்கு முன் எல்லா அம்பையும் கையில் எடுத்து, காதருகே வைத்து, லேசாக நாலு திசையிலும் வளைத்துப் பார்க்கிறேன். சின்னதாகச் சடக் என்று கேட்டாலும், நகத்தில் ஒரு கீறல் தட்டினாலும் அந்த அம்பு அன்றோடு சரி. முனையைக் கழற்றிக்கொண்டு தண்டை இரண்டாக ஒடித்துவிடுவேன். ஒடிக்காமல் வைத்தால் அவசரத்தில் ஒருநாள் மறுபடி கைக்கு வந்துவிடும்.

போன சித்திரையில் 40 குச்சியில் தொடங்கினேன். நாரில் 17 கழிந்தது, கணுவில் 4, விறைப்பில் 7, எடையில் 3. மீதி 9. அத்தான் ஊருக்கு வந்தபோது அந்த ஒன்பதையும் வரிசையாக எய்துவிட்டு, வைக்கோலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, முனையை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "சிடார் வாசன இல்ல மாப்ள, ஆனா போக்கு அதேதான்" என்றார். இந்த வருடம் தூத்துக்குடிக் கடைக்காரர் ஆறு பலகை தந்திருக்கிறார். மச்சில் காய்கின்றன, தையில் பிரிக்க வேண்டும்.